நெட் வரவில்லை: ஓர் அழைப்பின் வரவு செலவு

499 ரூபாய் திட்டம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 89 ரூபாய் 82 காசு. ஆக மாதம் 588.82. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 19 ரூபாய் 63 காசு. வீட்டு ஃபைபர் இணைப்பு மூன்று நாள் செத்துக் கிடந்தால், வாங்காத சேவைக்கு நாம் கொடுத்த பணம் 58 ரூபாய் 88 காசு. கஸ்டமர் கேரில் சத்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தொகையை நினைத்துத்தான் சத்தம் போடுகிறார்கள். "மாசாமாசம் காசு வாங்குறீங்கல்ல?" என்ற கேள்வியின் மொத்த மதிப்பு அவ்வளவுதான். பெரிய நஷ்டம் வேறு பத்தியில் இருக்கிறது.

மாதம் 30,000 ரூபாய் சம்பளம், 26 வேலைநாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் மதிப்பு 1,153.85. ஒரு மணிக்கு 144.23. ஒரு நிமிடத்துக்கு 2 ரூபாய் 40 காசு. 1800-இல் தொடங்கும் எண்ணுக்கு அழைப்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. 1860-இல் தொடங்குவது அப்படியல்ல, அதற்கு உள்ளூர் அழைப்புக் கட்டணம் உண்டு. எதுவானாலும் 40 நிமிடம் லைனில் நின்றால் நம் நேரத்தில் 96 ரூபாய் போய்விடுகிறது. இலவச அழைப்பின் விலை, மூன்று நாள் வாடகையைவிட 37 ரூபாய் கூடுதல்.

அதுகூடச் சில்லறைதான். "காலைல பத்துலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள டெக்னீசியன் வந்துருவாரு மேடம்" என்று சொல்லி வைத்துவிடுவார்களே, அதற்குப் போடும் அரை நாள் லீவு 576 ரூபாய் 92 காசு. மாத வாடகைக்கும் இதற்கும் வித்தியாசம் 11 ரூபாய் 90 காசு. வந்தவர் மோடத்தைப் பார்த்துவிட்டு, "இது வீட்டு ப்ராப்ளம் இல்லைங்க, வெளிய லைன் கட்டு. ஸ்ப்ளைசிங் மெஷின் எடுத்துட்டு வேற ஆள் வரணும்" என்று கிளம்பினால் ஒரு மாத வாடகை காலி. மறுநாள் அந்த வேற ஆளுக்காக இன்னொரு அரை நாள். கஸ்டமர் கேருக்குப் பேசுமுன் நாம் செய்யும் முன்தயாரிப்பு முக்கியமாக இந்த இரண்டாவது 577 ரூபாயைக் காப்பாற்றத்தான். பேசும் நேரம் குறைவது உபரி லாபம்.

யார் வரவேண்டும், எதை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பதை முடிவு செய்யும் தகவல் மோடத்தின் முகப்பிலேயே இருக்கிறது. ஃபைபர் மோடத்தில் பவர், பான், எல்ஓஎஸ், லேன், வைஃபை என்று விளக்குகள் வரிசையாக இருக்கும். முதலில் பார்க்கவேண்டிய நிலைகள் மூன்று. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஒளியே பெட்டிக்கு வந்து சேரவில்லை: கம்பி அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. எல்ஓஎஸ் அணைந்து, பான் விளக்கு நிலையாக நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, எதிர்முனை இந்தப் பெட்டியை இன்னும் ஏற்கவில்லை. பான் நிலையாக எரிந்தும் நெட் வரவில்லையென்றால் கம்பி மேல் பழியில்லை. லாகின், கட்டணப் பாக்கி, நிறுவனத்தின் சர்வர், நம் வைஃபை ஆகியவற்றில் ஒன்று. மூன்றும் மூன்று விதமான வேலை. முதலாவதற்கு ஏணியும் ஸ்ப்ளைசிங் மெஷினும் வேண்டும். கடைசியதைப் பல நேரம் போனிலேயே சரிசெய்யலாம். "நெட் வரல" என்ற இரண்டு சொல் இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பிவிடுகிறது. விளக்குகளைச் செல்போனில் பத்து விநாடி வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா என்பது போட்டோவில் தெரியாது.

அடுத்த பதிவுக்குச் செலவு ஒரு வாட்ஸ்அப் செய்தி. "அக்கா, உங்க வீட்டுல நெட் வருதா?" தெருவில் அதே நிறுவன இணைப்பு உள்ள ஒரு வீட்டைக் கேட்டால் போதும். ஃபைபரில் ஒரு கம்பியை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தெருவில் இருக்கிறது. தெருவில் நடக்கும் வேலைக்கு நாம் வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. "பக்கத்து வீட்டுலயும் இல்லைங்க. வெளி லைனை முதல்ல பார்க்கச் சொல்லுங்க. நான் வீட்டுல இருக்கணுமா?" என்று கேட்டு, "வேணாம் மேடம்" என்ற பதில் வந்தால் அந்த நொடியிலேயே 576.92 மிச்சம். இந்தக் கணக்கில் இதைவிட லாபமான கேள்வி வேறில்லை.

இதுவரை சொன்னதைப் பேரேட்டில் இறக்கினால் இப்படி வரும். நிமிடங்களும் நாட்களும் என் உத்தேசம்; அவரவர் சம்பளத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தயாராகாத அழைப்பு:
லைனில் 40 நிமிடம்: 96.15
முதல் வருகைக்கு அரை நாள்: 576.92
இரண்டாம் வருகைக்கு அரை நாள்: 576.92
மூன்று நாள் வாடகை: 58.88
மொத்தம்: ரூ. 1,308.87

தயாரான அழைப்பு:
சோதனையும் குறிப்பும் 20 நிமிடம்: 48.08
லைனில் 15 நிமிடம்: 36.06
ஒரே வருகை, அரை நாள்: 576.92
ஒன்றரை நாள் வாடகை: 29.44
மொத்தம்: ரூ. 690.50

மிச்சம் 618 ரூபாய் 37 காசு. கோளாறு தெருவில் என்று முன்பே தெரிந்து வருகைக்காகக் காத்திருக்கவில்லை என்றால் இரண்டாவது மொத்தம் 113.58-க்கு இறங்கிவிடும். இது சம்பளக்காரர் கணக்கு. நாளுக்கு 1,500 ரூபாய் வசூல் பார்க்கும் ஆன்லைன் ஜெராக்ஸ் கடைக்கு மூன்று நாள் நெட் இல்லையென்றால் 4,500 ரூபாய், அதாவது ஏழரை மாத வாடகைக்கு மேல். அப்படிப்பட்டவர் எவ்வளவு தயாராகி அழைத்தாலும் போதாது. வேறு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்வதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும்.

இனி அந்த 20 நிமிடத்துக்குள் நுழைவோம். அதில் ஐந்து நிமிடம் எழுத்தும் எண்ணும் எடுத்து வைப்பதற்கு. பில்லில் உள்ள வாடிக்கையாளர் எண், பதிவு செய்த 10 இலக்கக் கைபேசி எண், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், மேக் முகவரி. ஃபைபர் மோடத்தின் சீரியல் எண் வழக்கமாக 12 எழுத்து: முதல் நான்கு தயாரித்த நிறுவனத்தின் குறி, பின் எட்டு ஹெக்ஸ் இலக்கம். மேக் முகவரியும் 12 ஹெக்ஸ் இலக்கம்தான். ஹெக்ஸில் 0 முதல் 9 வரை பத்து எண், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்து. அந்த ஆறில் பி, சி, டி, ஈ நான்கும் போனில் ஒரே மாதிரி விழும். பதினாறில் நான்கு என்றால், 12 இலக்கம் கொண்ட ஒரு முகவரியில் சராசரியாக மூன்று இடத்தில் தடுமாற்றம் காத்திருக்கிறது. 'ஏ'யும் 'எய்ட்'டும் குழம்புவது தனி.

ஆகவே "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி" என்ற நம்மூர்ப் பழக்கத்தைக் கேலி செய்யவேண்டாம். சி-க்குச் சென்னை, ஈ-க்கு எலிஃபண்ட் என்று சேர்த்துக்கொண்டால் நான்கும் பிரிந்துவிடும். மோடம் சுவரில் திருகி மாட்டியிருக்கும், ஸ்டிக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். லைனில் ஆள் இருக்கும்போது டார்ச் அடித்துப் பார்ப்பது நிமிடத்துக்கு 2.40 செலவு. கோளாறு இல்லாத ஒரு நாளில் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்தால் செலவு பூஜ்யம்.

அடுத்த ஐந்து நிமிடம் மோடத்தை அணைத்துப் போடுவது. ஸ்விட்சை அணைத்து 30 விநாடி விட்டுப் போட வேண்டும். போட்ட பின் பெட்டி முழுதாக எழுந்து பதிவாக இரண்டு மூன்று நிமிடம் கொடுக்கவேண்டும். இதை முன்பே செய்திருந்தாலும் மறுமுனையில் இருப்பவர் மறுபடி செய்யச் சொல்வார், கோபப்பட வேண்டாம். அவர் திரையில் நம் மோடம் பதிவாகிறதா என்று பார்க்கிறார். கரண்ட் போகும்போது ஃபைபர் மோடம் "எனக்கு மின்சாரம் போகிறது" என்று கடைசியாக ஒரு குறிப்பை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு அணைகிறது. கம்பி அறுந்தால் அந்தக் குறிப்பு போகாது. எனவே "நெட் போனப்போ கரண்ட் இருந்துச்சா?" என்று அவர் கேட்பது, இரண்டையும் பொருத்திப் பார்க்கத்தான்.

எச்சரிக்கை ஒன்று. மோடத்தின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். ரீஸ்டார்ட் பொத்தான் என்று நினைத்து அதை ஊக்கால் பத்து விநாடி அழுத்துகிறவர்கள் உண்டு. அது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் ரீசெட். லாகின் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோகும். போனில் முடிந்திருக்கவேண்டிய கோளாறு ஒரு வருகைக் கோளாறாக மாறிவிடும். அந்த ஊக்கின் விலை 577 ரூபாய்.

நெட் அடியோடு இல்லாமல், "ஸ்பீடு வரல" என்ற புகார் என்றால் கணக்கு வேறு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் கோப்பை இறக்கினால் திரை 12 என்று காட்டும். திட்டத்தை அளப்பது பிட்டில், திரை அளப்பது பைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஒரு ஜிபி கோப்பு 80 விநாடியில் இறங்கினால் குறையொன்றும் இல்லை, போனை எடுக்கவேண்டாம். 200 எம்பிபிஎஸ் வாங்கியும் ஸ்பீடு டெஸ்டில் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மோடத்திலோ கணினியிலோ உள்ள லேன் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் ரகம். அல்லது லேன் வயரின் எட்டு இழையில் நான்குதான் சரியாக ஒட்டியிருக்கிறது. அந்த ரக இணைப்பில் தலைப்புத் தகவல்களுக்கு உண்டானது போக 94, 95-தான் கைக்கு வரும். நிறுவனத்தின் கம்பியில் குறை தேடிப் பயனில்லை. மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் திட்டத்தின் டேட்டா வரம்பைப் பாருங்கள். அன்லிமிடெட் என்ற பெயரில் விற்கும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி எல்லை உண்டு. அது நாளுக்கு 110 ஜிபி. சாதாரண வீடு தொடாது. எட்டுத் திசையும் கேமரா வைத்து மேகத்தில் சேமிக்கும் வீடு தொடலாம்.

ஸ்பீடு டெஸ்டை லேன் வயரில் எடுக்கவேண்டும். வைஃபையில் எடுத்த எண்ணைச் சொன்னால் "சார், அது வைஃபை, சுவர் இருந்தா குறையும்" என்று மறுமுனை ஒரே வரியில் தள்ளிவிடும், அது நியாயமும்கூட. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று என்று எடுத்தால், இரவில் மட்டும் விழுகிறதா என்பது தெரிந்துவிடும். இரவில் மட்டும் விழுந்தால் அது நெரிசல், உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஆவது ஒன்றுமில்லை.

விட்டு விட்டு வரும் இணைப்புதான் எல்லாவற்றிலும் மோசம். டெக்னீசியன் வரும் நேரம் பார்த்து நன்றாக ஓடும். அங்கே எண் ஒன்றே சாட்சி. கணினியில் பிங் கட்டளை கொடுத்தால் விண்டோஸ் தானாக நான்கு பொட்டலம் மட்டும் அனுப்பி நிறுத்திவிடும். நான்கில் ஒன்று தொலைந்தால் 25 சதவீத இழப்பு என்று காட்டும், ஒன்றும் தொலையாவிட்டால் பூஜ்யம். இடையில் வேறு எண் வர வழியில்லை. 100 பொட்டலம் அனுப்பச் சொன்னால் விநாடிக்கு ஒன்றாக ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குள் முடியும். 3 சதவீதமா 7 சதவீதமா என்பது தெரியும். முதலில் மோடத்துக்கே அனுப்பவேண்டும், பல மோடத்தில் அதன் முகவரி 192.168.1.1. பிறகு வெளியே கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. மோடம் வரையிலேயே தொலைந்தால் குற்றம் வீட்டுக்குள். மோடம் வரை சுத்தம், வெளியே தொலைகிறது என்றால் புகாருக்கு எடை வந்துவிட்டது. இரண்டின் படமும் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு எண், தெரிந்தவர்கள் மட்டும் சொல்லும் எண், ஒளியின் அளவு. மோடத்தின் அந்த முகவரியைப் பிரவுசரில் திறந்தால் பல மோடங்களில் உள்ளே வந்து சேரும் ஒளி 'டிபிஎம்' அலகில் இருக்கும். இதற்கும் ஒரு வரவு செலவு எழுதலாம். நிறுவனத்தின் பெட்டியிலிருந்து +3 டிபிஎம்மில், அதாவது 2 மில்லிவாட்டில், ஒளி புறப்படுகிறது என்று வைப்போம். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 17 டெசிபல் செலவு. ஐந்து கிலோமீட்டர் கம்பியில், கிலோமீட்டருக்குக் கால் டெசிபல் வீதம் 1.25. கனெக்டர், ஒட்டு எல்லாம் சேர்த்து 2. வீட்டுக்கு வந்து சேர்வது −17.25. புறப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, 19 மைக்ரோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதுவே தாராளம். பரவலாகப் புழங்கும் பி-பிளஸ் வகை மோடத்தின் கடைசி எல்லை −27, அதாவது 2 மைக்ரோவாட். வந்து சேர்ந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்வரை பெட்டி தாக்குப்பிடிக்கும்.

அதனால் மோடம் −25, −26 என்று காட்டினால் எல்லைக்கு ஒன்றிரண்டு டெசிபல்தான் மிச்சம். டிவி ஸ்டாண்டை நகர்த்தியபோது மடங்கிய கம்பி, அழுக்கேறிய கனெக்டர், ஈபி போஸ்டில் தொங்கி ஆடும் ஒட்டு: ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. "ஆறு மாசத்துக்கு முன்னாடி −18 இருந்துச்சுங்க, இப்ப −26 காட்டுது" என்று சொல்கிறவரிடம் யாரும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லமாட்டார்கள். ஒரு நல்ல நாளில் அந்த எண்ணையும் ஸ்டிக்கர் போட்டோவோடு குறித்துவைத்தால் போதும். ஆனால் கம்பியைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்கக் கூடாது. உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

இப்போது போன். எண்ணைப் பில்லிலிருந்தோ நிறுவனத்தின் செயலியிலிருந்தோ எடுக்கவேண்டும். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை அழுத்தினால் மோசடிக்காரர் எடுக்க வாய்ப்பு உண்டு. கணினியையோ செல்போனையோ தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொன்னாலும், பணம் திருப்பித் தர யுபிஐ பின் கேட்டாலும், வைத்துவிடுங்கள். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க 1930. அந்தச் செலவுக்கு இந்தப் பேரேட்டில் வரி போதாது.

கேபிள்காரர் வழியாக இணைப்பு வாங்கிய வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு 1800 எண்ணைவிட அவருடைய வாட்ஸ்அப் வேகம். ஆனாலும் அதிகாரபூர்வமாக ஒரு புகாரும் பதிவாகட்டும், காரணம் பின்னால் வருகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி, பேச ஆள் வேண்டும் என்று கேட்கும் அழைப்புகளில் 95 சதவீதம் 90 விநாடிக்குள் எடுக்கப்படவேண்டும். அப்படியே நடந்தாலும் இருபதில் ஒருவர் அதற்குமேல் காத்திருக்கலாம். ஆள் எடுத்ததும் பேசவேண்டியது ஏறத்தாழ இவ்வளவு:

"வணக்கங்க. கஸ்டமர் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க... நேத்து சாயங்காலம் 6:40-லேர்ந்து எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது. கரண்ட் இருந்துச்சு. அடாப்டர் சரி, பவர் லைட் எரியுது. ஒரு தடவை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் பார்த்தாச்சு. பக்கத்து வீட்டுல உங்க நெட்டுதான், அங்கயும் இல்ல."

"ஓகே மேடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க... ஆமா மேடம், உங்க ஏரியாவுல கட்டு காட்டுது. டிக்கெட் போட்டுடுறேன்."

"டிக்கெட் நம்பர் சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன். எப்ப சரியாகும்னு போட்டிருக்கீங்க?"

சொல்ல அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆறு தகவல். மறுமுனையில் இருப்பவர் வரிசையாகக் கேட்டு டிக் போடவேண்டிய கேள்விகளில் பாதிக்குமேல் கேட்காமலே நிரம்பிவிட்டன. கோபமாகப் பேசினால் அந்தப் பட்டியல் குறையாது, நிமிடம்தான் கூடும்.

டிக்கெட் எண்ணை எஸ்எம்எஸ் வரும் என்று நம்பி விடாமல் எழுதிக்கொள்ளவேண்டும், தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயரோடு. 2012-இல் ட்ராய் வகுத்த புகார் தீர்வு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தருவது நிறுவனத்தின் கடமை. கெடு தாண்டியும் தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அங்கே முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். கேபிள்காரருக்குப் போட்ட வாட்ஸ்அப்பை அங்கே காட்டி முறையீடு செய்வது கடினம். தனிநபர் புகாரை ட்ராய் நேரடியாக எடுப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டெக்னீசியன் வேலை முடித்ததும், "மேடம், உங்க போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். பல நிறுவனங்களில் அந்தக் கோடைச் சொன்னால்தான் டிக்கெட் மூடும். அவர் பைக்கை எடுக்குமுன் பார்க்கவேண்டியவை: எல்ஓஎஸ் அணைந்திருக்கிறதா, பான் நிலையாக நிற்கிறதா, ஒளி எத்தனை டிபிஎம், லேன் வயரில் ஸ்பீடு எவ்வளவு. நான்குக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், 12 ரூபாய். பார்க்காமல் கோடைச் சொல்லி, மறுநாள் நெட் போனால் அது புதுப் புகார். நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

அடுத்த பில் வரும்போது, நெட் இல்லாத நாட்களுக்கான 19.63-கள் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீபெய்டு என்றால் அத்தனை நாள் வேலிடிட்டி கூட்டித் தரச் சொல்லலாம். அதற்கும் டிக்கெட் எண்ணும், நெட் போன 6:40-உம், திரும்பி வந்த நேரமும் வேண்டும்.